பொடுதலை நட்ட கை

செல்வி,

நாளை மறுநாள் உனக்குக் கல்யாணம். மாமனாராக இருந்தவன் இந்த நேரத்தில் ஒதுங்கி நிற்பதுதான் மரியாதை என்று நம் ஆட்கள் சொல்வார்கள். ஆனால் என் மகன் கதிர் போன பிறகும் நீ இந்த வீட்டை விட்டுப் போகவில்லை. இரண்டு மழைக்காலம் எங்களோடு இருந்தாய். அந்த நாட்களில் உன்னை மருமகள் என்று நான் நினைத்ததே கிடையாது. பிள்ளை என்று சொல்ல எனக்கு மிஞ்சியது நீ ஒருத்திதான். அதனால் தகப்பன் இடத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். உன் அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவன் பிரித்துப் படித்தாலும், உன்னைக் கட்டப்போகிற ராமர் படித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. மறைக்க வேண்டியது எதுவும் இதில் கிடையாது.

என்னை எழுத வைத்தது நீ சொன்ன ஒரு வார்த்தை. திருவாதவூரில் உன் அப்பா வீட்டுக்கு ராமர் உன்னைப் பார்க்க வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். லோடு ஆட்டோ ஓட்டுகிற மனுஷன், மஞ்சள் காமாலையில் மனைவியைப் பறிகொடுத்தவர், மடியில் நாலு வயதுப் பெண் குழந்தை. அந்தப் பிள்ளைக்கு முழங்கால் இரண்டிலும் காய்ந்தும் காயாமலும் சிராய்ப்பு. அவர் அதைத் தடவிக்கொண்டே உன்னிடம் கேட்டார். "வீட்டைச் சுத்தி வெறும் சல்லியாக் கெடக்குங்க. வெளாடப் போனா முட்டியப் பேத்துக்கிட்டு வருது. நீங்க சின்னச் செடியா வச்சுத் தரைய மூடிருவீங்கன்னு உங்க அண்ணன் சொன்னாரு. நம்ம வீட்லயும் அப்படி வைக்க முடியுங்களா?" பெண் பார்க்க வந்தவன் கேட்கிற கேள்வி மாதிரியே அது இல்லை. எனக்கு அந்த மனுஷனைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். நீ தலை நிமிராமல், "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க" என்றாய். உன் அண்ணன் உன்னைத் திரும்பிப் பார்த்தான். உன் அப்பா அவசரமாக எல்லாரையும் காப்பி குடிக்கச் சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெரியாது என்கிறாய். சரி, எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். எல்லாம் நீ செய்து நான் பார்த்ததுதான்.

நீ கல்யாணமாகி வந்தபோது இந்த வீட்டைச் சுற்றிப் புல் பூண்டு எதுவும் கிடையாது. கப்பலூரில் ரப்பர் சாமான் செய்கிற கம்பெனியில் நான் ஸ்டோர் பார்த்துச் சேர்த்ததில் வாங்கிய மூன்று சென்ட். கட்டடம் கட்டியவர்கள் விட்டுப்போன செங்கல் தூளும் சிமென்ட் கட்டியும் சரளையும்தான் மண். நான்கு வழிச்சாலையில் லாரி போகப் போகப் புழுதி எழும்பி வந்து சோற்றுப் பானைக்குள் இறங்கும். கதிருக்குச் சின்ன வயதிலிருந்தே தும்மல். காலையில் எழுந்தால் கண் சிவந்து மூக்கு ஒழுக நிற்பான். நீ வந்த கொஞ்ச நாளிலேயே அதைக் கவனித்துவிட்டாய். கல்யாணத்துக்கு முன்னால் நர்சரியில் வேலை பார்த்தவள் அல்லவா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வந்தவள், ஈரச் சாக்கில் சுருட்டி ஒரு கட்டு கொண்டுவந்தாய். கண்மாய்க் கரையில் பிடுங்கியது. பிரித்தால் பொடுதலை, ஈரத் தரையில் படர்கிற அதே களை.

உன் அத்தை அதைப் பார்த்ததும் அடுப்பில் இருந்ததை விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள். அவளைத் தப்பு சொல்ல முடியாது. டி. கல்லுப்பட்டிப் பக்கம் அடுத்தவர் காட்டில் களை எடுத்துத்தான் அவளும் வளர்ந்தாள், நானும் வளர்ந்தேன். எங்கள் இரண்டு வீட்டிலும் யாருக்கும் ஒரு குழி நிலம் இருந்ததில்லை. கதிர் பள்ளிக்கூடம் முடிக்கிறவரைக்கும் அவள் குனிந்தேதான் இருந்தாள். பொடுதலை அவளுக்குப் பிடுங்கி எறிகிற பொருள். "ஊரான் காட்டுல களை எடுத்தே என் இடுப்பு தேஞ்சு போச்சு. நமக்குன்னு ஒரு எடம் வாங்கி, அதுல களைய நட்டு வக்கிறியாத்தா?" என்று கேட்டாள். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். நீ சிரித்துக்கொண்டே, "இத நீங்க எடுக்க வேணாம் அத்தை, இது மேல காலை நீட்டி உக்காந்தாப் போதும்" என்றாய்.

அதன் பிறகு நீ செய்ததை நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். முதலில் கதிரை விட்டுத் தரையைக் கொத்திச் சரளையைச் சலித்து எடுக்கச் சொன்னாய். கண்மாய் வண்டலைச் சிமென்ட் சாக்கில் கட்டி வண்டியில் தினம் ஒரு மூட்டையாக அவன் கொண்டுவந்தான். வண்டலையும் மாட்டுச் சாணத் தூளையும் கலந்து மெலிசாகப் பரப்பினாய். பொடுதலைக் கொடியை அப்படியே புதைக்கவில்லை. ஒவ்வொரு துண்டிலும் மூன்று நான்கு கணு வருகிற மாதிரி பிளேடால் நறுக்கினாய். நட்டுக்குத்தலாக நடாமல் படுக்க வைத்தாய். கணு இருக்கிற இடத்தில் மட்டும் விரலால் ஒரு அழுத்து, மேலே ஒரு பிடி மண், காற்றில் புரளாமல் இருக்க ஒரு சின்னக் கல். இலை வெளியே தெரியவேண்டும், கணு மண்ணுக்குள் இருக்கவேண்டும். "வேரு கணுவுலதான் மாமா வரும். இலையப் பொதைச்சா அழுகிப் போயிரும்" என்று எனக்குப் பாடம் நடத்தினாய். ஒரு ஜாண் இடைவெளி விட்டு வரிசையாக வைத்து, வாளியில் மொண்டு ஊற்றாமல் கையால் தெளித்து, மேலே தென்னை ஓலையைப் பரப்பினாய். ஓலையை எப்போது எடுப்பது என்று கேட்டதற்கு, ஒரு துண்டை லேசாக இழுத்துப் பார்த்து, "வர மாட்டேங்குது பாருங்க, புடிச்சிருச்சு. இனிமே வெயில் படலாம்" என்றாய்.

வல்லாரைக்கு வேறு மாதிரி. துணி துவைக்கிற கல்லடியில் எப்போதும் ஈரம் இருக்கும், சுவர் நிழலும் உண்டு. அங்கே நாலு தாய்ச்செடி மட்டும் வைத்தாய். அது கொடி விட்டு, கொடியில் குட்டிச் செடி வந்ததும் அறுக்கவில்லை. தாயோடு இருக்கும்போதே அந்தக் குட்டியை மண்ணோடு சேர்த்து, விளக்குமாற்றுக் குச்சியை வளைத்துக் கொண்டை ஊசி மாதிரி குத்தி வைத்தாய். அது தானாக வேர் இறக்கிப் புது இலை விட்ட பிறகுதான் கொடியை வெட்டினாய். அந்தக் கல்லைச் சுற்றி முழுக்க வல்லாரை ஆனது. பொடுதலை மூடுகிறவரைக்கும் இடையில் கோரை வந்தால் கிழங்கோடு தோண்டி எடுத்தாய். மூடின பிறகு கோரைக்கு இடமே இல்லை. அடுத்த கோடையில் எங்கள் வாசல் பச்சைப் பாய் விரித்த மாதிரி கிடந்தது. மிளகு அளவுக்கு வெள்ளைப் பூ. மேலே நடந்தாலும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்குள் புழுதி வருவது பாதியாகக் குறைந்தது. கதிர் தும்மலை மறந்தான். உன் அத்தை சாயங்காலம் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் உட்கார்ந்து கீரை ஆய்வாள். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "எம் மருமக வச்சது" என்று அவள் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். உனக்கு அது தெரியாது. அவள் உன் முன்னால் சொல்கிற ஆள் இல்லை.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம், இதற்குப் பிறகு நடந்தது இதை எல்லாம் தின்றுவிட்டது என்பதுதான். உனக்கு அது மட்டும்தான் நினைவில் நிற்கிறது. எனக்கு இரண்டும் நிற்கிறது.

ஐப்பசியில் மழை பிடித்தது. நம் தெருவில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்தார்கள். கதிருக்கும் வந்தது. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, கம்பெனியில் ஆள் இல்லை என்று வேலைக்குப் போனான். திரும்பி வந்து, "கண்ணுக்குப் பின்னாடி குத்துதுப்பா" என்றான். நிலவேம்புக் கஷாயம் வைத்தாய், பப்பாளி இலையை இடித்துச் சாறு கொடுத்தாய். காய்ச்சல் விட்ட மாதிரி தெரிந்தது. விட்ட பிறகுதான் அவன் சோர்ந்தான். மதுரைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பல் ஈறில் ரத்தம் கசிந்தது. அங்கே கட்டிலுக்கு இரண்டு பேர் என்கிற அளவுக்குக் கூட்டம். டெங்கு என்றார்கள். டாக்டர்கள் முடிந்ததை எல்லாம் செய்தார்கள். நீ அவன் காலடியில் தரையில் உட்கார்ந்தே இருந்தாய். கடைசி நாள் மத்தியானம் அவன் உன்னைப் பார்த்து, "வீட்டுக்குப் போயிட்டு வா, செடி காயும்" என்றான். மழைக்காலத்தில் செடி காயாது என்று அவனுக்குத் தெரியாதா? உன்னைக் கொஞ்ச நேரம் அந்த இடத்தை விட்டு அனுப்பப் பார்த்தான். நீ போகவில்லை. சாயங்காலத்துக்குள் அவன் போய்விட்டான்.

கருமாதிகூட ஆகவில்லை, சுகாதாரப் பணியாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். சாவு விழுந்த வீடு என்பதால் நம் வீட்டுக்கு முதலில் வந்தார்கள். டார்ச் லைட் வைத்துக்கொண்டு ஒரு பெண் ட்ரம், தொட்டி, டயர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பின்பக்கம் நீ புதினாக் குச்சியைத் தண்ணீரில் போட்டு வேர் விட வைத்திருந்த பெயின்ட் வாளியைக் குனிந்து பார்த்தவள், வெளியே நின்ற ஆளைக் கூப்பிட்டு, "அண்ணே, இங்க கொசுப்புழு இருக்கு, மருந்து கொண்டாங்க" என்றாள். அதே குரலில் பக்கத்து வீட்டுத் தொட்டியிலும் சொன்னாள், எதிர்வீட்டு மாடியிலும் சொன்னாள். உன் அத்தைக்குக் கேட்டது முதலில் சொன்னது மட்டும்தான். நான் அந்தப் பெண்ணின் பின்னாலேயே போய்த் தெருமுனையில் நிறுத்திக் கேட்டேன். "ஏம்மா, அந்த வாளிக் கொசுதான் எம் மகனக் கடிச்சதா?" அவள் டார்ச்சை அணைத்தாள். "அத யாராலயும் சொல்ல முடியாதுய்யா. இது பகல்ல கடிக்கிற கொசு. நாலு வீடு தள்ளியும் போகும். அவரு வேலை பாத்த எடமா இருக்கலாம், டீக்கடையா இருக்கலாம். இத்தன நாளா நீங்க ஆஸ்பத்திரியில இருந்தீங்க, வாளியில தண்ணி மாத்த ஆளில்ல, அதுல இப்ப வந்த புழுவாவும் இருக்கலாம். செடியில எல்லாம் கொசு முட்டை வைக்காது, நிக்கிற தண்ணியிலதான்" என்றாள். நான் திரும்பி வந்து இதை அப்படியே உன் அத்தையிடம் சொன்னேன். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "அவ எம் மகனப் பாத்தாளா?" என்பதுதான் ஒவ்வொரு தடவையும் பதில்.

மறுநாள் காலையில் அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள். "எம் புள்ளையத் தின்ன களை" என்றாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். களையெடுத்த கைக்கு அது மறக்கவில்லை. பாயைச் சுருட்டுகிற மாதிரி பொடுதலையை வேரோடு உரித்துக்கொண்டே போனாள். துக்கத்துக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். நான் போய் மண்வெட்டிக் காம்பைப் பிடித்தேன். அவள் என்னைத் தள்ளவில்லை. மண்வெட்டியை என்னிடமே விட்டுவிட்டுக் கையால் பிடுங்க ஆரம்பித்தாள். அப்போது நீ உள்ளேயிருந்து வந்தாய். நீ தடுப்பாய் அல்லது அவள் காலில் விழுவாய் என்று எல்லாரும் நினைத்தோம். நீ சேலையைச் சொருகிக்கொண்டு அவளுக்கு எதிர் மூலையில் குத்தவைத்து உட்கார்ந்து பிடுங்கத் தொடங்கினாய். உன் கையால் கணுக் கணுவாக அழுத்தி வைத்ததை நீயே கணுக் கணுவாக எடுத்தாய். வெயில் ஏறி இறங்குகிறவரைக்கும் நீங்கள் இரண்டு பேரும் பிடுங்கினீர்கள். குவித்து வைத்துத் தீ வைத்தீர்கள். ஈரச் செடி எரியவில்லை, புகைந்தது. தெரு முழுக்க அந்தப் புகை நின்றது. என் மகனை எரித்த நாளை விட எனக்கு அந்த நாள்தான் இப்போதும் கனவில் வருகிறது.

உன் அப்பாவும் அண்ணனும் கூட்டிப்போக வந்தார்கள். நீ போகவில்லை. ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. எங்கள் மேல் உள்ள பாசம் என்று நினைத்துக்கொண்டேன். கப்பலூரிலேயே ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தாய். காலையில் வாசல் தெளிப்பாய், வேலைக்குப் போவாய், வந்து சமைப்பாய். உன் அத்தை உன்னிடம் பேசுவதை நிறுத்தியிருந்தாள். என்னிடம் சொல்வாள், நான் உன்னிடம் சொல்வேன். மண்ணுக்குள் கிடந்த துண்டுகளிலிருந்து மழைக்குப் பொடுதலை அங்கங்கே தலை நீட்டும். அவளோ நீயோ யார் முதலில் பார்க்கிறீர்களோ அவர்கள் பிடுங்கிவிடுவீர்கள். வெற்று மண்ணில் மறுபடி புழுதி பறந்தது. அதில் தும்ம ஆள் இல்லை.

ஒரு நாள் நீ ஷிப்ட் முடிந்து வந்து சாப்பாட்டு வாளியைக்கூடக் கீழே வைக்காமல் என் எதிரில் நின்றாய். "நான் அந்த வாளியக் கவுத்துருக்கணும் மாமா."

"எப்பத்தா? நீ ஆஸ்பத்திரியிலல்ல கெடந்த?"

"அதுக்கு முன்னாடி."

"அதுக்கு முன்னாடி நீ தெனம் தண்ணி மாத்துனியே. நான் பாத்திருக்கேன்."

"மாத்துன மாதிரித்தான் இருக்கு. ஆனா தெனம் மாத்துனேனான்னு யோசிச்சா இப்ப ஞாபகம் வர மாட்டேங்குது. ஒரு நாள் விட்டிருப்பேன்னு தோணுது. எந்த நாளுன்னு தெரியல."

அன்றைக்குத்தான் நீ ஏன் இந்த வீட்டை விட்டுப் போகவில்லை என்று எனக்குப் புரிந்தது. தண்டனை கொடுக்கிற ஆள் இருக்கிற இடத்தில் இருந்தால்தான் உனக்கு மூச்சு வந்தது. உன் அத்தை பேசாமல் இருப்பது உனக்கு வேண்டியிருந்தது. அவள் ஒரு நாள் உன்னை மன்னித்திருந்தால் நீ என்ன ஆகியிருப்பாயோ என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அதற்குப் பிறகுதான் உன் அண்ணனுக்கு நானே போன் போட்டேன். ஒரு நல்ல இடமாகப் பார் என்று சொன்னது நான்தான். அவன் தானாகக் கொண்டுவந்த சம்பந்தம் என்று நீ இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன்னை இந்த வீட்டை விட்டு அனுப்பினால்தான் நீ பிழைப்பாய் என்று எனக்குப் பட்டது. நம் சனத்தில் மறுகல்யாணம் ஒன்றும் புதுசில்லை. உன் அத்தையின் சித்தியே இரண்டாவது கட்டியவள்தான். அதனால் அவளால் கூடாது என்று சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாததால் படுத்துக்கொண்டாள்.

செல்வி, உன் மேல் தப்பே இல்லை என்று இந்தக் கடிதத்தில் நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பாய். எழுத மாட்டேன். எழுதினாலும் நீ நம்ப மாட்டாய். தப்பு இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியாது. எந்த வாளி, எந்தத் தொட்டி, எந்தக் கொசு என்று உனக்கும் தெரியாது, உன் அத்தைக்கும் தெரியாது, டார்ச் அடித்துப் பார்த்த பெண்ணுக்கும் தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அதோடுதான் நாம் மூன்று பேரும் மிச்ச நாளைக் கழிக்கவேண்டும். ஆனால் நீ அதைத் தெரியும் என்கிறாய். உன் விரலுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைக் கேட்டால் தெரியாது என்கிறாய். அந்த இரண்டையும் இடம் மாற்றி வைத்துக்கொண்டு இன்னொரு வீட்டுக்குப் போகாதே. அங்கே ஒரு சின்னப் பிள்ளை இருக்கிறது.

அந்தப் பிள்ளை உன்னை உடனே அம்மா என்று கூப்பிடவேண்டும் என்று யாரும் அவசரப்படுத்தினால் விடாதே. அதற்கு ஒரு அம்மா இருந்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் பேர் சொல்லியே கூப்பிடட்டும். நீயும் கதிரின் போட்டோவைப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைக்காதே. ராமருக்கு ஒருத்தி போயிருக்கிறாள், உனக்கு ஒருவன் போயிருக்கிறான். இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு படம் சுவரில் இருந்தால் யாருக்கும் குறைச்சல் இல்லை. சண்டை வரும். வந்தால் பேசாமல் இருந்துவிடாதே. பேசாமல் இருக்கிற வீடு எப்படி இருக்கும் என்று இரண்டு வருஷம் பார்த்துவிட்டாய், அது போதும்.

வாசலுக்குச் செடி வைத்தால் வை, வைக்காவிட்டால் போ, அது உன் இஷ்டம். வைப்பதாக இருந்தால் ஒன்று மட்டும் சொல்கிறேன். புதினாவைத் தண்ணீரில் போட்டு வேர் விட வைக்காதே. ஈர மணலில் குத்தி வை, அதிலும் பிடிக்கும். நான் இப்போது ஒரு தட்டில் வைத்துப் பார்த்தேன், பிடித்தது. வீட்டில் தண்ணீர் நிற்கிற எதுவானாலும் தினம் கவிழ்த்துக் கழுவு. மறந்துபோனால் மறுநாள் கழுவு. ஒரு நாள் மறந்ததற்காக உன்னை நீயே கொன்றுகொள்ளாதே. சல்லியை அள்ளாமல் மேலே மண்ணைக் கொட்டினால் வேர் இறங்காது என்று நீதான் சொல்லியிருக்கிறாய். ராமர் ஆட்டோ வைத்திருக்கிறார், வண்டல் கொண்டுவருவது அவருக்குச் சிரமம் இல்லை.

உன் அத்தையைப் பற்றிக் கேட்பாய். நீ உன் அப்பா வீட்டுக்குப் போன பிறகு அவள் வாசலைக் கூட்டுவதில்லை. குளியலறைத் தண்ணீர் போகிற இடத்தில் பொடுதலை ஒரு முறம் அகலத்துக்குப் படர்ந்துவிட்டது. நேற்றுக் காலையில் அவள் எழுந்து வெளியே வந்தவள் அதைப் பார்த்துவிட்டு நின்றாள். மண்வெட்டியைத் தேடப் போவாள் என்று நினைத்தேன். வெகுநேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, என்னைப் பார்க்காமல், "அவ இருந்தா ரெண்டு பேருமாப் புடுங்கியிருப்போம். ஒத்தையில எனக்கு இடுப்பு வளையாது" என்றாள். உள்ளே போய் மறுபடி படுத்துவிட்டாள். இது மன்னிப்பா என்று என்னைக் கேட்காதே. எனக்குத் தெரியவில்லை. அவள் சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் எழுதியிருக்கிறேன். கல்யாணத்துக்கு அவள் வர மாட்டாள். வாசலைப் பார்த்துக்கொண்டிருக்காதே.

நான் வருவேன். காலை பஸ்ஸில் ஏறினால் முகூர்த்தத்துக்கு முன்னால் கோயிலுக்கு வந்துவிடலாம். தாலி கட்டுகிற நேரத்தில் முன்னால் வந்து நிற்க மாட்டேன். ஆசீர்வாதம் வாங்க என்னைத் தேடி வராதே, உன் பக்கத்துக்காரர்கள் சங்கடப்படுவார்கள். செத்தவனின் அப்பன் எதற்கு வந்தான் என்று யாராவது கேட்டால் உன் அண்ணன் பதில் சொல்லிக்கொள்வான். பந்தி போடும்போது மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார். எந்த வரிசையிலாவது இருப்பேன். இலையில் போட்ட எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவேன்.

அப்பா